பழைய டோப்போ (நிலத்தோற்ற வரைபட) தாள்களை வைத்து மொஹாவி பாலைவனத்தின் மாட்டுப் பண்ணை நிலங்களைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் துறைமுகத்தில் கடலடி ஆழம் அளக்கும் பிரிவில் முப்பத்தோராண்டுகள் பணிசெய்து ஓய்வு பெற்றவன். வேலை கடல் வரைபடத்தோடு என்றாலும், மனம் எப்போதும் தரைப்படத்தின் மீதுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஓரங்குலத் தாளின் (ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிப்பது) நகல் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எண்ணூர்க் கழிமுகம், அத்திப்பட்டு உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாயின் கரை என்று நடப்பது வழக்கம். தாளில் இருந்த ஒரு வாய்க்கால் இப்போது சாலைக்கு அடியில் போய்விட்டதையோ, தாளில் வரப்பாகக் காட்டப்பட்டது இன்றும் அதே வளைவோடு கிடப்பதையோ நேரில் கண்டுபிடிக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியை இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் மகள் லாஸ் வேகாஸில் இருக்கிறாள். வருகிற ஜனவரியிலிருந்து இரண்டு மாதம் அங்கே தங்கப்போகிறேன். அங்கிருந்து தெற்கே காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில், கலிபோர்னியா எல்லைக்குள், மொஹாவி தேசியக் காப்பகம் என்ற பெரும் பாலைநிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது மாட்டுப் பண்ணைக்காரர்களின் மேய்ச்சல் நிலம் என்று படித்தேன். மருமகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சுற்றுலாத் தலங்களை விட்டுவிட்டு, லான்ஃபேர் பள்ளத்தாக்கு, மிட் ஹில்ஸ் ஆகிய பகுதிகளில் பழைய பண்ணைகளின் தடயங்களை வரைபடத்தின் துணையோடு தேடிப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறை தன் பழைய தாள்களையெல்லாம் இலவசமாக இறக்கிக்கொள்ளத் தந்திருக்கிறது. நம்முடைய கடலோரத் தாள்களைக் கண்ணால் பார்ப்பதற்கே முன்பு எவ்வளவு விண்ணப்பங்கள் எழுத வேண்டியிருந்தது என்பதை நினைத்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 1950-களில் வந்த தாள், 1980-களில் வந்த தாள், அண்மையில் வந்த தாள் என மூன்றையும் இறக்கி, ஒரே இடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குழப்பம் அங்கேதான் தொடங்கியது. பழைய தாளில் ஓர் இடத்தில் காற்றாலை, அதன் அருகே 'டேங்க்', அதையொட்டி மாட்டுப்பட்டி, இவற்றை நோக்கி வரும் மூன்று புள்ளிக்கோட்டுப் பாதைகள் எல்லாம் இருக்கின்றன. புதிய தாளில் அதே இடம் வெறும் வெள்ளையாக இருக்கிறது, சம உயரக் கோடுகள் மட்டும் ஓடுகின்றன.

அங்கிருந்தவை இடிக்கப்பட்டுவிட்டனவா, அல்லது வரையாமல் விட்டார்களா? எந்தப் பதிப்பை நம்பிக் கிளம்புவது? தாளில் நீலத்தில் காட்டப்பட்ட ஊற்றிலும் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும் என்று கொள்ளலாமா? பழைய தாளைக் கைப்பேசியில் ஏற்றினால் என் இருப்பிடம் சரியாகக் காட்டுமா? அனுபவம் உள்ளவர்கள் பொறுமையாக எழுதினால் கடமைப்பட்டிருப்பேன்.

பதில் 1: திருவொற்றியூர் சர்வேயர்

ஐயாவுக்கு வணக்கம். நான் நில அளவைத் துறையில் இருந்தவன். அந்தப் பாலைவனத்தை நேரில் பார்த்ததில்லை, ஆனால் அந்நாட்டுத் தாள்களை ஆண்டுக்கணக்காகச் சேர்த்துப் படித்து வருகிறேன். தாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தரையைப் பற்றி அங்கே போய் வந்தவர்கள் எழுதட்டும்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை, வரையாமல் விட்டார்கள் என்பதுதான். 2009-ஆம் ஆண்டிலிருந்து வரும் புதிய தாள்கள், ஆட்கள் நிலத்தில் நடந்து சரிபார்த்து வரைந்தவை அல்ல. ஏற்கெனவே இருக்கும் கணினித் தரவுகளிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாமாகவே தொகுக்கப்படுபவை. சாலை, ஆறு, உயரம், ஊர்ப்பெயர் ஆகியவற்றுக்கு நாடு தழுவிய தரவு இருப்பதால் அவை வந்துவிடும். காற்றாலை, கிணறு, மாட்டுப்பட்டி, வேலி, சுரங்க வாய் ஆகியவற்றுக்கு அப்படிப்பட்ட தரவு இல்லாததால் அவை பெரும்பாலும் வராது. ஆகவே புதிய தாளின் வெள்ளை இடத்தை 'அங்கே ஒன்றும் இல்லை' என்று படிக்கக் கூடாது. பழைய தாளிலுள்ள குறியையும் 'அங்கே இன்னும் இருக்கிறது' என்று படிக்கக் கூடாது. 1950-களின் தாள், அந்த ஆண்டில் ஒருவர் அங்கே போய் நின்று பார்த்ததன் சாட்சி. உங்கள் தேடலுக்கு அந்தச் சாட்சிதான் அடிப்படை.

1980-களில் வந்த 24,000-க்கு 1 அளவைத் தாள்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றின் ஓர் அங்குலம் தரையில் 2,000 அடி. 1950-களின் தாளில் 62,500-க்கு 1, அதாவது ஏறக்குறைய ஒரு மைல். பழையது பண்ணை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும். பிந்தையது எந்தப் பாறைக்குப் பின்னால் தொட்டி இருக்கிறது என்பது வரை இறங்கிக் காட்டும். சில தாள்களில் ஊதா நிறத்தில் மேலச்சு இருப்பதைக் காண்பீர்கள். அது வான்படத்தைப் பார்த்துத் திருத்தியது, களத்தில் சரிபார்க்காதது என்பதற்கான அடையாளம். தாளின் அடியில் எந்த ஆண்டு அளந்தார்கள், எந்த ஆண்டு வான்படம், எந்த ஆண்டு அச்சு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பலர் அச்சிட்ட ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள்.

நம் தாளில் பழகிய கண்ணுக்குச் சில இடறல்கள் உண்டு. உங்கள் கையில் இருக்கும் எண்ணூர்த் தாள் 66 சி/8 என்று நினைக்கிறேன். அதுவும் பாகைக் கணக்கில் 15 நிமிட அகலம், 15 நிமிட உயரம் (கால் பாகைக்குக் கால் பாகை). அவர்களுடைய 1950-களின் தாளும் அப்படியே. எனவே கையில் எடுத்தவுடன் பழகிய தாள் போலவே தோன்றும். ஆனால் நம் தாளில் வறண்டுபோகும் ஓடையைக் கறுப்பில் வரைந்து, நீர் நிற்பதை மட்டும் நீலத்தில் காட்டுகிறோம். அவர்கள் வறண்ட ஓடையையும் நீலத்திலேயே, கோடும் புள்ளிகளுமாக விட்டுவிட்டு வரைகிறார்கள். ஆகவே பாலைவனத் தாள் முழுக்க நீல நரம்புகள் ஓடுவதைப் பார்த்து நீர் வளம் என்று எண்ணிவிட வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை மணல்தான். உயரம் அவர்களுக்கு அடியில், நம் இன்றைய தாள்களில் மீட்டரில். எண்ணூர்த் தாளில் சம உயரக் கோட்டையே தேட வேண்டியிருக்கும். அங்கே மலையடிவாரத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழுப்புப் பட்டையாகவே தெரியும், அந்த இடத்தில் நேர்வழி என்று ஒன்று கிடையாது.

'டேங்க்' என்ற சொல்லைக் குறிப்பிட்டிருந்தீர்கள். நம் தாளில் 'டேங்க்' என்றால் ஏரி. கரை, மதகு, ஆயக்கட்டு எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். அமெரிக்கத் தென்மேற்கில் அதே சொல், மாடு குடிப்பதற்காக மண்ணைக் கூட்டிக் கட்டிய குட்டையையோ, பாறைக் குழியில் மழைநீர் தேங்கும் இடத்தையோ, இரும்புத் தொட்டியையோ குறிக்கலாம். எது என்று சம உயரக் கோட்டைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஓடையின் குறுக்கே சிறு கரை தெரிந்தால் குட்டை, செங்குத்தான பாறை இடுக்கில் இருந்தால் பாறைக்குழி, காற்றாலையின் அருகே என்றால் பெரும்பாலும் தொட்டி.

இன்னொன்று சொல்லாவிட்டால் என் தொழிலுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். அந்தத் தாள்களின் மேல் சிவப்புக் கோடுகளால் ஒரு கட்டம் ஓடும். ஆறு மைலுக்கு ஆறு மைல் கொண்ட சதுரத்தை 36 பிரிவுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். இந்தப் பிரிவு எண்ணை வைத்துக்கொண்டு அந்நாட்டு நில மேலாண்மைத் துறையின் இணைய ஆவணத்தில் தேடினால், அரசிடமிருந்து அந்த நிலத்தை முதன்முதலில் யார், எந்த நாளில் பெற்றார் என்ற பத்திரத்தின் படமே கிடைக்கும். நம்முடைய பட்டாவையும் புலப்படத்தையும் ஒரே மேசையில் விரித்தது போல இருக்கும். வெள்ளை வெளியில் தனியாக ஒரு சிறு கறுப்புச் சதுரம் வீட்டைக் குறிக்கிறதென்றால், அதன் பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதை அந்த ஆவணத்தோடு செலவிடுங்கள். பிறகு நேரில் போய் நிற்கும்போது அந்த அடித்தளக் கல் உங்களுக்கு ஒரு குடும்பமாகத் தெரியும்.

பிரிவு மூலைகளில் பித்தளைத் தலை வைத்த இரும்புக் குழாய்கள் நடப்பட்டிருக்கும். நம் சர்வே கல்லைப் போலத்தான். அவற்றை அசைப்பது அங்கே குற்றம். தொடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் பொறித்திருக்கும் எண்கள் நீங்கள் நிற்கும் இடத்தை எந்தக் கருவியையும் விடத் துல்லியமாகச் சொல்லும்.

பதில் 2: பழைய வண்ணாரப்பேட்டைப் பெண்

ஐயா, நான் பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை. பதினொரு ஆண்டுகளாக லாஸ் வேகாஸில் இருக்கிறேன். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறையாவது கணவரோடு அந்தக் காப்பகத்துக்குப் போவேன். சர்வேயர் ஐயா தாளைப் பற்றி எழுதியது முழுவதும் சரி. நான் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நிலத்தில் மனிதர்கள் செய்த எல்லாவற்றுக்கும் காரணம் தண்ணீர்தான்.

மொஹாவியின் அந்தக் கிழக்குப் பகுதி நாலாயிரம், ஐயாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் தாழ்ந்த பாலையை விடச் சற்று மழை பெய்யும், புல் முளைக்கும். அந்தப் புல்லை நம்பி 1894-இல் ராக் ஸ்பிரிங்ஸ் நிலமும் கால்நடையும் என்ற பெயரில் ஒரு நிறுவனம் தோன்றி, ஊற்றுகளையும் கிணறுகளையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. அங்கே நிலத்தை வைத்திருப்பதை விட நீரை வைத்திருப்பதே பெரிது. ஊற்று ஒருவர் கையில் இருந்தால், சுற்றியுள்ள பல மைல் புல்லை வேறு யாரும் மேய்க்க முடியாது, மாடு நாள்தோறும் தண்ணீருக்குத் திரும்பியாக வேண்டும் அல்லவா? 1910 வாக்கில் லான்ஃபேர் பள்ளத்தாக்கில் குடியேறிகள் வந்து மானாவாரி விவசாயத்தை முயன்றார்கள். கறுப்பினக் குடும்பங்கள் சேர்ந்து டன்பார் என்ற குடியிருப்பை அமைத்ததும் அங்கேதான். மழை பொய்த்தது, மாட்டு நிறுவனத்துக்கும் குடியேறிகளுக்கும் வேலியிலும் தண்ணீரிலும் தகராறு முற்றியது. 1925 நவம்பரில் கவர்ன்மென்ட் ஹோல்ஸ் என்ற கிணற்றடியில் இருவர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இருவருமே இறந்தார்கள். பழைய தாளில் அந்த இடம் ஒரு சிறு நீல வட்டம், ஒரு பெயர், அவ்வளவுதான். சிறு வயதில் தெருக் குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து, அந்த வரிசையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கைகலந்ததைக் கண்டு வளர்ந்த எனக்கு, அந்த நீல வட்டத்தின் முன் நின்றபோது பேச்சு வரவில்லை.

ஆகவே உங்கள் தாளில் முதலில் பெயர்களைப் படிக்காமல் நீல வட்டங்களையெல்லாம் பென்சிலால் சுழித்துவிடுங்கள். பிறகு பாதைகள் எந்த வட்டத்தில் வந்து கூடுகின்றன என்று பாருங்கள். மூன்று நான்கு பாதைகள் கூடும் நீர்நிலை, பண்ணையின் நடுப்புள்ளியாக இருந்திருக்கும். மலையிலுள்ள ஊற்றிலிருந்து சமவெளியிலுள்ள தொட்டிக்குக் குழாய்வழி என்று எழுதிய ஒரு மெல்லிய விட்டுவிட்ட கோடு சில தாள்களில் ஓடும். நாங்கள் ஒருமுறை அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போனோம். முதல் அரை மைலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓர் ஓடையைக் கடக்கும் இடத்தில், வெள்ளம் மண்ணை அரித்துவிட்டிருந்ததால், இரண்டு விரல் தடிமனுள்ள இரும்புக் குழாய் தரைக்கு மேல் பாலம் போல அந்தரத்தில் நின்றது. மூட்டில் சுற்றியிருந்த சணல் இழை கூட இற்றுப்போகாமல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் முடிவில் வட்டமான சிமெண்ட் தொட்டி, அதன் விளிம்பில் மாடுகளின் கழுத்து உராய்ந்து உராய்ந்து வழுவழுப்பான ஒரு பக்கம். உள்ளே நீர் இல்லை. காற்று கொண்டுவந்த மணலும் ஒரு முயலின் எலும்பும் கிடந்தன.

அதனால்தான் சொல்கிறேன்: தாளிலுள்ள எந்த நீரையும் குடிநீராக எண்ணிக் கிளம்பாதீர்கள். காற்றாலையின் இறக்கை நின்றுபோனால் தொட்டி காய்ந்துவிடும். காப்பகம் 1994-இல் சட்டத்தால் உருவாக்கப்பட்ட பிறகு, மேய்ச்சல் உரிமைகளில் பெரும்பாலானவை விலைக்கு வாங்கப்பட்டு முடிவுக்கு வந்தன. மாடு போனதும் நீரிறைக்கும் ஏற்பாடுகளையும் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. அன்றைக்கும் இந்த ஆபத்து தெரிந்தே இருந்தது: 1909-இலேயே அந்நாட்டு நிலவியல் துறை பாலைவன நீரிடங்களைப் பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது, 1916-இல் நாடாளுமன்றமே பணம் ஒதுக்கி, நீர் எந்தப் பக்கம் எத்தனை மைல் என்று காட்டும் பலகைகளை நட ஏற்பாடு செய்தது. நீங்கள் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் காரிலேயே கொண்டுபோங்கள், வண்டி நின்றுபோனால் இன்னொரு நாளும் தாங்குமளவுக்கு. காப்பகத்துக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. கைப்பேசி சிக்னலும் பெரும்பாலான இடங்களில் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எந்த நேரத்துக்குள் திரும்புவீர்கள் என்று மகளிடம் தாளின் பெயரோடு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாதைகளைப் பற்றி என் தவறு ஒன்றையும் எழுதுகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் பழைய தாளில் ஜீப் பாதை என்று இருந்த ஒரு விட்டுவிட்ட கோட்டை நம்பி வண்டியைத் திருப்பினோம். முதல் மைல் நன்றாகவே இருந்தது. பிறகு அது ஓர் அகன்ற மணல் ஓடைக்குள் இறங்கியது. மறுகரையில் ஏறும் இடத்தை ஏதோ ஒரு கோடை மழையின் வெள்ளம் ஆளுயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டிருந்தது. திரும்ப முயன்றபோது பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்துவிட்டன. டயரின் காற்றைப் பாதியாக இறக்கி, கால்மிதிகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, மண்வெட்டி இல்லாமல் சமையல் பாத்திரத்தால் மணலை அள்ளி வெளியே வர நான்கு மணி நேரம் ஆயிற்று. பிப்ரவரி மாதம் என்பதால் பிழைத்தோம். அதுவே ஜூலையாக இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருப்பேனா என்பது ஐயமே.

சட்டம் ஒன்றும் உண்டு. 16 லட்சம் ஏக்கருக்கு அருகில் உள்ள அந்தக் காப்பகத்தில் ஏறத்தாழ பாதி, வண்டி நுழையக் கூடாத காட்டுநிலமாக 1994 சட்டத்திலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. பழைய தாளில் பாதை இருந்தாலும், அந்த எல்லைக்குள் நடந்துதான் போக வேண்டும். இதற்கு மட்டும் காப்பக நிர்வாகத்தின் இன்றைய வரைபடத்தைப் பாருங்கள். தவிர, காப்பகத்தின் உள்ளேயே இன்னும் தனியார் நிலத் துண்டுகள் பல இருக்கின்றன. வாசலில் பலகையோ சங்கிலியோ இருந்தால் அதை மதித்துத் திரும்பிவிடுங்கள்.

தாளில் மரஞ்செடிகளைக் காட்டும் பச்சை நிறத்தையும் நம்ப வேண்டாம். 2020 ஆகஸ்டில் காப்பகத்துக்குள் சீமா குவிமாடம் என்ற மேட்டுநிலத்தில் 43,000 ஏக்கருக்கு மேல் எரிந்து, யோஷுவா மரங்கள் லட்சக்கணக்கில் அழிந்தன. 2023 கோடையில் காப்பகத்திலுள்ள நியூயார்க் மலைப்பகுதியில் 90,000 ஏக்கருக்கு மேல் தீ பரவியது. மரக்கம்பங்களால் கட்டிய பட்டிகள் அந்தப் பகுதிகளில் இருந்திருந்தால் இப்போது முள்கம்பிச் சுருள் மட்டுமே கிடக்கும்.

ஜனவரியில் மிட் ஹில்ஸ் பக்கம் இரவில் நீர் உறையும், பனியும் விழலாம். நம் ஊர் ஸ்வெட்டர் போதாது.

பதில் 3: வியாசர்பாடி மாணவன்

வணக்கம் ஐயா. நான் புவியியல் முதுகலை படிக்கிறேன். கைப்பேசியில் ஏற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை மட்டும் சொல்கிறேன்.

அந்தத் தளத்தில் ஒரே தாள் பல வடிவங்களில் கிடைக்கும். வெறும் படமாக இறக்காமல், ஆயத்தொலைவுகள் உள்ளேயே பதிந்த ஜியோடிஃப் அல்லது ஜியோபிடிஎஃப் வடிவத்தை இறக்குங்கள். அதைத் திறக்கும் செயலி எதுவாக இருந்தாலும் இணையம் இல்லாமலேயே உங்கள் இருப்பிடத்தைத் தாளின் மேல் நீலப் புள்ளியாகக் காட்டும். நாமே மூலைகளைப் பொருத்தும் வேலை இல்லை. எண்ணூரின் பழைய தாளை நான் கியூஜிஐஎஸ் மென்பொருளில் பொருத்தியபோது, பழைய கோயில், ரயில் பாலம், கால்வாய் லாக்கு என்று இன்றும் மாறாத புள்ளிகளைத் தேடித் தேடி ஒரு வாரம் போனது. அந்த வேலையை அவர்கள் நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்களைக் கையால் படித்துக் கருவியில் தட்டினால் பிழை வரும். அந்தத் தாள்கள் 1927-ஆம் ஆண்டு வட அமெரிக்க டேட்டம் என்ற, ஆயத்தொலைவுகளை அளக்கும் அடிப்படையில் வரையப்பட்டவை. நம் கைப்பேசி டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு டேட்டத்தில் வேலை செய்கிறது. அந்தப் பகுதியில் அட்சரேகை, தீர்க்கரேகையில் இதனால் வரும் விலகல் நூறு மீட்டருக்குள் இருக்கும். ஆனால் யூடிஎம் கட்ட எண்களை (இடத்தை மீட்டர் கணக்கில் கிழக்கு, வடக்கு என்று சொல்பவை) பயன்படுத்தினால் வடக்கு எண்ணில் மட்டும் ஏறத்தாழ 200 மீட்டர் மாறும். கருவியின் அமைப்பில் டேட்டத்தை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. புதருக்குள் ஒரு கிணற்றைத் தேடும்போது 200 மீட்டர் என்பது சிறிய தொலைவு அல்ல.

திசைகாட்டி கொண்டுபோனால் இதையும் கவனியுங்கள். சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வேறுபாடு ஓரிரு பாகைக்குள்தான், நாம் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. அங்கே 1950-களின் தாளில் கிழக்காக ஏறத்தாழ 15 பாகை என்று போட்டிருக்கும், இப்போது அது 11 பாகை அளவுக்குக் குறைந்திருக்கிறது. தாளில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் நடந்தால், சேர வேண்டிய இடத்திலிருந்து 350 மீட்டர் விலகி நிற்பீர்கள்.

கிளம்புவதற்கு முன், பழைய தாளையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மாடு இல்லாமல் இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், நீர்த்தொட்டி இருந்த இடத்தைச் சுற்றி வெளிறிய தரையும், அதை நோக்கி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஓடும் மெல்லிய மாட்டுத்தடங்களும் மேலிருந்து தெரியும். தாளில் குறியும் இருந்து, படத்தில் இந்தத் தடமும் இருந்தால், அந்த இடத்துக்குப் போவது வீண்போகாது.

தண்டையார்பேட்டைவாசி

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்றிரவு சகோதரி சொன்னபடியே நீல வட்டங்களைச் சுழித்துப் பார்த்தேன். ஒரே தாளில் முப்பதுக்கு மேல் வந்தது. அவற்றில் பாதைகள் கூடுவது ஐந்தே ஐந்து இடங்களில். குழப்பமாகத் தெரிந்த தாள் திடீரென்று ஓர் ஊர் போலப் புரியத் தொடங்கியது.

இன்னும் இரண்டு ஐயங்கள். பேட்டரி தீர்ந்தால் என் செய்வது என்ற அச்சத்தால் காகிதத் தாளும் வேண்டும் என்று நினைக்கிறேன். பாரிமுனைப் பக்கம் வரைபட நகல் எடுக்கும் கடையில் அச்சிட்டுக்கொண்டு போனால் அளவை சரியாக வருமா? தடயங்களின் அருகே கிடக்கும் பழைய லாடம், தகர டப்பா போன்றவற்றைப் பேரனுக்காக எடுத்து வரலாமா?

திருவொற்றியூர் சர்வேயர்

தாராளமாக அச்சிடலாம். கடையில் கொடுக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிட்டு, நூறு சதவீத அளவில் என்று சொல்லுங்கள். 1950-களின் தாளில் வரைபடப் பகுதி ஏறக்குறைய 36-க்கு 44 சென்டிமீட்டர் வரும், ஏ2 காகிதத்தில் அடங்கிவிடும். ஓரக்குறிப்புகளோடு வேண்டுமென்றால் ஏ1 கேளுங்கள். 1980-களின் தாளுக்கு ஏ1 கட்டாயம் வேண்டும். கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் அடியிலுள்ள அளவுகோலின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். 62,500 தாளில் ஒரு மைல் என்று காட்டும் கட்டை 2.57 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஓரக்குறிப்பை வெட்டிவிடாதீர்கள், ஆண்டும் டேட்டமும் திசை விலகலும் அங்கேதான் இருக்கின்றன.

பழைய வண்ணாரப்பேட்டைப் பெண்

எடுத்து வரக் கூடாது ஐயா. காப்பகத்துக்குள் கிடக்கும் பழைய பொருள் எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். தொல்பொருட்களுக்கு 1979-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. தகர டப்பாவின் மூடியை ஈயத்தால் அடைத்திருக்கிறார்களா, விளிம்பை மடித்திருக்கிறார்களா என்பதை வைத்தே அது எந்தக் காலத்தில் வீசப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணிப்பார்கள். அது கிடக்கும் இடத்திலிருந்து நகர்ந்தாலே அந்தக் கணக்கு கெட்டுவிடும். பேரனுக்குப் படம் எடுத்து, எந்தத் தாளில் எந்தப் பிரிவில் என்று பின்னால் எழுதிக் கொடுங்கள்.

பாழடைந்த குடிசைகளுக்குள் நுழைய வேண்டாம். எலிப்புழுக்கைத் தூசியிலிருந்து ஹான்டா வைரஸ் பரவக்கூடும். தாளில் பாதி மட்டும் கறுத்த சிறு சதுரமோ, ஒய் எழுத்துப் போன்ற குறியோ இருந்தால் அது சுரங்க வாய். பத்தடி தள்ளி நின்றே பாருங்கள், விளிம்பு மண் சரியும்.

முதல் நாளுக்குக் கவர்ன்மென்ட் ஹோல்ஸை வைத்துக்கொள்ளுங்கள். காற்றாலையும் தொட்டியும் பட்டியும் ஒரே இடத்தில் இருப்பதால், தாளிலுள்ள மூன்று குறிகளையும் தரையில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்கிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவில் ராக் ஸ்பிரிங், 1860-களில் படைமுகாம் இருந்த ஊற்று. காலையில் எட்டு மணிக்குள் அங்கே இருந்தால், வெயில் சாய்வாக விழும்போது பழைய வண்டித்தடம் நிழலாகத் தெரியும், உச்சி வெயிலில் அது கண்ணுக்குப் படாது. வருகிற வாரத்தில் எனக்குத் தனிமடலில் உங்கள் ஐந்து வட்டங்களின் பிரிவு எண்களை அனுப்புங்கள். எவை காட்டுநில எல்லைக்குள் விழுகின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.